நகச்சுத்தி என்று நினைத்தது

பேத்தியின் கால் நகங்கள் பத்தில் ஒன்பது நன்றாக இருந்தன. வலது கட்டைவிரல் நகம் மட்டும் ஓரத்தில் மஞ்சளாகி, நுனியில் தடித்து, நகவெட்டியை வைத்ததும் துண்டாக விழாமல் மாவாக உதிர்ந்தது. வாசல்படியில் செய்தித்தாளை விரித்து அவள் காலை என் மடியில் வைத்திருந்தேன். தாளின் மேல் கிடந்த மாவைத் தொட எனக்குத் தைரியம் வரவில்லை.

"வலிக்குதா கண்ணு?"

"இல்லீங்க அப்புச்சி."

"அழுத்துனா?"

"அழுத்துனா நீங்க அழுத்துறது தெரியுது."

அம்மாவின் அப்பாவை எங்கள் பக்கம் அப்புச்சி என்பார்கள். அவளுக்கு எட்டு வயது. அவள் அம்மா, என் மகள், ஏற்காட்டில் ஏரிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில் வரவேற்பில் வேலை செய்கிறாள். மருமகனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை, சனிக்கிழமைதான் வருவார். பிள்ளையைக் காலையில் கிளப்பி வேனில் ஏற்றுவது, மாலையில் இறக்கிக்கொள்வது, ஞாயிறு தோறும் நகம் வெட்டுவது எல்லாம் என் பொறுப்பு. நான் காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்து ஓய்வு பெற்றவன். காலையில் ஆளை எண்ணிக் காட்டுக்குள் அனுப்பி, மாலையில் மூட்டையை எண்ணி உள்ளே அடுக்கியே காலம் போனது. இப்போது ஆளும் இல்லை, மூட்டையும் இல்லை. பழக்கம் மட்டும் போகவில்லை. படிக்கட்டு, கொடியில் கிடக்கும் துணி, தட்டில் உள்ள இட்லி, எது கண்ணில் பட்டாலும் எண்ணிவிடுவேன்.

வலிக்கவில்லை என்று அவள் சொன்னது எனக்கு ஆறுதலாக இல்லை. எனக்குச் சர்க்கரை வந்து பல வருஷம் ஆகிறது. சர்க்கரைக்காரனுக்கு டாக்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் புத்திமதி ஒன்றுதான்: காலைப் பார், தினமும் பார், வலிக்காத புண்தான் மோசம். அதைக் கேட்டுக் கேட்டு வலியில்லாத எதைக் கண்டாலும் எனக்குச் சந்தேகம்தான் வரும்.

அது ஐப்பசி மாதம். ஐப்பசியில் எங்கள் ஊரில் துணி காய்வதில்லை, ஈரம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். பனி மூட்டம் சமையலறை வரைக்கும் வந்து நிற்கும். பிள்ளைக்கு ஐந்து ஜோடி சாக்ஸ். கொடியில் பத்தும் தொங்கும், தொட்டால் பத்தும் சில்லென்று இருக்கும். அதில் சுமாராகக் காய்ந்த இரண்டை அடுப்புக்குப் பக்கத்தில் காட்டி மாட்டிவிடுவேன். ஷூவுக்குள் கையை விட்டால் கிணற்றுக்குள் விட்டது போல இருக்கும். அந்த ஷூவுக்குள் காலை ஏழரையிலிருந்து மாலை வரைக்கும் அந்த விரல் அடைந்து கிடக்கிறது என்று அன்றைக்குத்தான் முதன்முறையாக யோசித்தேன்.

சாயங்காலம் மகள் வந்ததும் காட்டினேன். அவள் போனில் டார்ச்சைப் போட்டுப் பார்த்தாள்.

"நகம் என்னமோ சொத்தை உழுந்தாப்ல இருக்குதுங்கப்பா. அடுத்த வாரம் லீவு கெடச்சதும் சேலம் கூட்டிட்டுப் போயிக் காட்டலாம்."

"அடுத்த வாரமா?"

"பின்ன, இப்பவே ஆம்புலன்ஸ் சொல்லட்டுங்களா? நீங்க சும்மா இருங்கப்பா. அத நோண்டாதீங்க."

அவள் சொத்தை என்றுதான் சொன்னாள். என் காதிலும் அப்படித்தான் விழுந்தது. ஆனால் நகத்தில் எது வந்தாலும் எங்களுக்கு அது நகச்சுத்திதான். சிறுவயதிலிருந்து அந்த ஒரு சொல்லையே கேட்டு வந்தவன் நான். மறுநாள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனபோது என் வாயிலிருந்து வந்ததும் அந்தச் சொல்தான்.

அங்கே பழக்கடை வைத்திருப்பவர் எனக்கு நெடுநாள் நண்பர். சேலத்திலிருந்து பிழைக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். ஆரஞ்சுக்கும் பலாப்பழத்துக்கும் நடுவில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு போகிறவர் வருகிறவரை எல்லாம் வம்புக்கு இழுப்பார்.

"ஏனுங்க ரைட்டரே, மூஞ்சி ஏன் மழையில நனஞ்ச பேப்பராட்டம் இருக்குது?"

"பேத்திக்குக் கால்ல நகச்சுத்திங்க."

"அட, இதுக்குப் போயா! எலுமிச்சம்பழத்துல தொளை போட்டு வெரல உள்ளாற செருகி உடுங்க. மூணு ராத்திரி. சீழெல்லாம் இழுத்துப் போட்டுரும்."

"சீழ் இல்லீங்க."

"இல்லாட்டி வராமத் தடுக்கும்."

"கைவெரலுக்குத்தான வெப்பாங்க?"

"வெரல்ல கையி காலுன்னு என்னங்க சாதி? எனக்கு வந்தப்ப வெச்சிருந்தா இன்னைக்குப் பத்தும் இருந்திருக்கும்." செருப்பிலிருந்து இடது காலை எடுத்து ஆரஞ்சுக் கூடையின் விளிம்பில் வைத்தார். சர்க்கரையில் இரண்டு விரல் போன கால். பார்க்கக் கூடாது என்று நினைத்தும் என் கண் அதை எண்ணியது. "பாருங்க, எட்டே எட்டு. நகம் வெட்டற வேலையில அஞ்சுல ஒண்ணு மிச்சம்."

அவர் சிரித்தார். பழம் வாங்க வந்த பெண்ணும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தோல் மெல்லிய பெரிய பழமாக மூன்று பொறுக்கிக் கொடுத்தார்.

கைவிரலுக்கு உட்காருகிற எலுமிச்சம்பழம் கால் கட்டைவிரலுக்கு உட்காரவில்லை. குடைந்து குடைந்து பாதிப் பழம் போனது. மாட்டியதும் வழுக்கியது. பழைய வேட்டியைக் கிழித்துக் கட்டினேன். பிள்ளை கட்டிலில் படுத்து அந்தக் காலைத் தூக்கி ஆட்டிக்கொண்டு கெக்கலி கொட்டினாள்.

"அப்புச்சி, என் காலு ஜூஸ் போடுது!"

மகள் கதவருகில் வந்து நின்று பார்த்தாள். "வண்டிச் சக்கரத்துக்கு வெக்கற பழத்தப் புள்ள காலுக்கு வெச்சிருக்கீங்களே."

"வண்டிய எடுக்கட்டுங்களா அப்புச்சி?" என்றாள் பிள்ளை. இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் அதற்குப் பின் அந்த விரலைப் பற்றிச் சிரித்தது வெகுகாலத்துக்கு இல்லை.

மூன்று இரவு கட்டினேன். நகம் அப்படியே இருந்தது. சுற்றியிருந்த தோல் மட்டும் ஊறி வெளுத்துச் சுருங்கியிருந்தது. ஈரத்தில்தான் இதெல்லாம் வளர்கிறது என்று எங்கோ படித்திருந்தேன். மறுநாள் பள்ளி விடுமுறை. அன்றைக்குப் பார்த்து வெயில் வந்தது. பல நாள் மூட்டத்துக்குப் பிறகு வெயில் வந்தால் எங்கள் தெருவில் எல்லாமே வெளியே வந்துவிடும். மெத்தை, தலையணை, மிளகு, ஷூ, சாக்ஸ். நான் பிள்ளையின் காலை வெளியே கொண்டுவந்தேன். துணி துவைக்கும் கல்லில் அவளை உட்காரவைத்து, எதிரே பக்கெட்டைக் கவிழ்த்து, குதிகாலை அதன்மேல் வைத்து, விரல்கள் மேலே பார்த்திருக்கும்படி காலை நீட்டச் சொன்னேன். மிச்சமிருந்த பழத்தையும் வீணாக்க மனமில்லாமல் அந்த விரலின் மேல் பிழிந்துவிட்டேன். சாறு வழிந்தது. வழியட்டும், வெயிலில் காய்ந்துவிடும் என்று விட்டேன். அவள் அம்மாவின் பழைய போனில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தாள். வெயில் நகர நகர, பக்கெட்டையும் காலையும் நானே நகர்த்தி நகர்த்தி வைத்தேன். நிழல் விழாமல் பார்த்துக்கொண்டேன்.

அடுத்த நாள் விரலைச் சுற்றிச் சிவந்திருந்தது. அதற்கும் அடுத்த நாள் சின்னச் சின்னக் கொப்புளங்கள். பிறகு ஒருநாள் காலையில் சாக்ஸ் மாட்ட உட்கார்ந்தபோது விரல் கறுத்திருந்தது. விரல் மட்டும் இல்லை. விரலின் அடியிலிருந்து புறங்காலில் மூன்று கோடுகள், பழுப்பும் கறுப்புமாக, கணுக்காலைப் பார்த்துப் போயிருந்தன. நடுக்கோடுதான் நீளம். மற்ற இரண்டும் அதைத் தொடர்ந்து வருவன போல இருந்தன.

ஷூவை எடுத்த கை அப்படியே நின்றுவிட்டது. விஷம் ஏறுகிறது என்று தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை. கோடு எங்கே முடிகிறது என்று பார்த்தேன். அங்கிருந்து கணுக்காலுக்கு என் மூன்று விரல் அகலம். நாளைக்கு எங்கே இருக்கும் என்று மனம் தானாகவே கணக்குப் போட்டது. அந்தக் கணக்கை நிறுத்த முடியவில்லை.

"எரியுதா சாமி?"

"லேசா எரியுது. ஏனுங்க அப்புச்சி?"

"ஒண்ணுமில்ல. இங்கயே இரு."

வீட்டுக்குப் பின்னால் போய்ப் பழக்கடைக்காரருக்குப் போன் போட்டேன். எனக்குக் காது கொஞ்சம் மந்தம், ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவேன்.

"உங்களுக்கு மொதல்ல எப்படி இருந்துச்சுங்க?"

"எது?"

"வெரலு."

"கறுத்துச்சு."

"கோடு கோடா மேல ஏறுச்சுங்களா?"

"ஏறுச்சோ என்னமோ, நான் எங்க பாத்தேன்? டாக்டருதான் பாத்தாரு. பாத்ததும் வெரல எடுத்துரலாம்னுட்டாரு."

"எடுத்தா நின்னுருமா?"

"எனக்கு நின்னுருச்சு. ரெண்டோட நின்னுருச்சு. ஏனுங்க, யாருக்குக் கேக்கறீங்க?"

போனை வைத்துவிட்டேன். திரும்பியபோது பின்வாசலில் பிள்ளை நின்றிருந்தாள். ஒரு காலில் ஷூ, ஒரு கால் வெறுங்கால். தண்ணீர் குடிக்க வந்ததாகச் சொன்னாள். குடிக்கவில்லை.

கூப்பிட்டுச் சொன்னதும் மகள் ஹோட்டலில் லீவு சொல்லிவிட்டு வந்தாள். காலைப் பார்த்ததும் அவள் முகமும் மாறியது. ஆனால் உடனே பையை எடுத்துக்கொண்டாள். சேலம் பஸ்ஸில் ஏறினோம். கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் நானும் பிள்ளையும் போட்டி போட்டு எண்ணிக்கொண்டு இறங்குவது வழக்கம். அன்றைக்கு அவள் வாயைத் திறக்கவில்லை. வெறுங்காலை இருக்கையின் மேல் வைத்து, அந்த விரலை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன். பாதியிலேயே விட்டுப்போனது. ஒவ்வொரு வளைவிலும் கல்லில் எண் எழுதியிருக்கிறது, அதைப் பார்த்துச் சரி செய்துகொள்ளவும் தோன்றவில்லை. விரல் இல்லாமல் ஒரு பெண் பிள்ளை எப்படி நடக்கும், கட்டைவிரல் போனால் செருப்பு எப்படி நிற்கும், கல்யாணத்தில் மெட்டி போடும்போது எல்லோரும் காலைப் பார்ப்பார்களே என்று என்னென்னவோ ஓடியது. எட்டு வயதுப் பிள்ளைக்குக் கல்யாணம் வரைக்கும் போய்விட்டேன்.

தோல் டாக்டர் ஒரு பெண். என் மகளைவிட இளையவராக இருப்பார். காலைத் தன் முழங்கால் மேல் வைத்து, ஒரு லென்ஸை வைத்து முதலில் நகத்தைப் பார்த்தார். பிறகு கோடுகளைப் பார்த்தார். விரலால் அழுத்திப் பார்த்தார். கணுக்காலைத் தொட்டார், முழங்காலுக்குப் பின்னால் தொட்டார்.

"ஐயா, இதுல எதாவது பழச்சாறு பட்டுதா?"

மகள் என்னைப் பார்த்தாள்.

"எலுமிச்சம்பழம்," என்றேன்.

"அதுக்கப்புறம் வெயில்ல நின்னாளா?"

"நாந்தான் உக்கார வெச்சேன்."

"காலை எப்படி வெச்சிருந்தா?"

பக்கெட்டைச் சொன்னேன். விரல் மேலே, கணுக்கால் கீழே என்று கையால் காட்டினேன். டாக்டர் தலையாட்டினார்.

"எலுமிச்சம்பழச் சாறு தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா இப்படித்தான் சுடும். உடனே தெரியாது, ரெண்டு நாள் கழிச்சுத் தெரியும். சாறு ஓடின வழியெல்லாம் கோடு. இது மேல ஏறலைங்க ஐயா. கீழ வழிஞ்சிருக்கு."

அந்த வார்த்தை எனக்குள் இறங்க நேரமாயிற்று. அவரே மேலும் சொன்னார். நகத்தில் இருப்பது வேறு. அது பூஞ்சை, நகச்சொத்தை என்பார்கள். நகச்சுத்தி என்பது நகத்தைச் சுற்றி வீங்கிச் சீழ் பிடிப்பது. அதற்கும்கூடப் பழத்தை நம்பி உட்கார்ந்திருக்கக் கூடாது, இதற்கு அது துளியும் ஆகாது, மூன்று இரவு ஈரத்தில் ஊறவைத்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்தான். "எதுக்கும் கொஞ்சம் வெட்டி டெஸ்ட்டுக்கு அனுப்பிப் பார்த்திடலாம்," என்று சொல்லிக்கொண்டே தட்டிலிருந்து பெரிய நகவெட்டி ஒன்றை எடுத்தார்.

பிள்ளை அலறினாள். அப்படி ஓர் அலறலை அவளிடம் நான் கேட்டதில்லை. காலை இழுத்துக்கொண்டு நாற்காலியின் மேல் ஏறி நின்றாள்.

"எடுக்காதீங்க! ரெண்டு எடுத்தாத்தான் நிக்கும்னாங்க! எனக்கு ஒண்ணுதானே கறுத்திருக்குது! எடுக்காதீங்க!"

டாக்டருக்கு ஒன்றும் புரியவில்லை. மகளுக்கும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. காலையிலிருந்து அவள் அந்த விரலைப் பொத்திக்கொண்டு வந்தது வலிக்காக இல்லை. இன்றைக்கு அதை வெட்டிவிடப் போகிறார்கள் என்று தெரிந்தே எங்களோடு பஸ் ஏறி, மலை இறங்கி, இந்த நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"விரல் இல்ல பாப்பா, நகம் மட்டும்தான். வீட்டுல நகம் வெட்ட மாட்டியா?"

"அப்புச்சி வெட்டுவாரு."

"அப்ப அப்புச்சியே வெட்டட்டும். சரியா?"

நகவெட்டி என் கைக்கு வந்தது. டாக்டர் கீழே ஒரு சின்ன டப்பாவைப் பிடித்தார். அன்றைக்கு நகவெட்டி இரண்டு முறை நழுவியது. பிள்ளை என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தாள். உதிர்ந்ததை டாக்டர் மூடி எடுத்துக்கொண்டார். பிறகு, "ஐயா, உங்க காலையும் காட்டுங்க," என்றார். காட்டினேன். என் நகங்களில் நான்கு வெகுகாலமாகவே தடித்து மஞ்சளாகக் கிடந்தன. வயதானால் அப்படித்தான் ஆகும் என்று இருந்தேன். யாரிடமிருந்து யாருக்கு என்று இப்போது சொல்ல முடியாது, ஷூவின் ஈரமே போதும், ஆனால் வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோரும் கவனமாக இருக்க வேண்டும், சர்க்கரை இருப்பதால் நீங்களும் மருந்து போடுங்கள் என்று நிதானமாகச் சொன்னார். நகவெட்டி எல்லோருக்கும் ஒன்றுதானா என்று கேட்டார். ஒன்றுதான்.

இரண்டு வாரத்தில் முடிவு வந்தது. பூஞ்சைதான். அதற்குள்ளேயே வைத்தியத்தைத் தொடங்கியிருந்தோம். நகப் பாலிஷ் போலவே ஒரு சின்னக் குப்பியில் மருந்து. முதலில் தடித்த நகத்தை அரத்தால் லேசாகத் தேய்க்க வேண்டும். அந்த அரம் அந்த நகத்துக்கு மட்டும், வேறு நகத்தில் படக்கூடாது. பிறகு மருந்தைப் பூசிக் காயவிட வேண்டும். குளித்ததும் விரலிடுக்கெல்லாம் துடைக்க வேண்டும். துண்டு தனி. ஆளுக்கொரு நகவெட்டி வாங்கி, கலந்துவிடாமல் இருக்கத் தனித்தனி நிறத்தில் நூல் கட்டினேன். சாக்ஸ் இன்னும் ஐந்து ஜோடி. மதியம் மாற்றிக்கொள்ள ஒரு ஜோடி பையில். ஷூ இரண்டு, ஒன்றைப் போட்ட மறுநாள் அது ஓய்வில் கிடக்கும். சாக்ஸை வெயிலுக்குக் காத்திருக்காமல் இஸ்திரி போட்டே காயவைத்தேன். வீடு முழுவதும் வெந்த துணி வாசம்.

"சட்டைக்குக்கூட இஸ்திரி கெடையாது இந்த ஊட்ல. சாக்ஸுக்கு மடிப்பு எடுத்துப் போடுறாரு," என்று மகள் போனில் மருமகனிடம் சொன்னது கேட்டது.

டாக்டர் ஒன்று சொல்லியிருந்தார். கெட்ட நகம் நல்லதாக மாறாது. அடியிலிருந்து நல்ல நகம் வளர்ந்து அதைத் தள்ளிக்கொண்டு வரவேண்டும். மாதக்கணக்கில் ஆகும், பொறுமையாக இருங்கள். என்னிடம் இல்லாத ஒன்றைக் கேட்டால் எங்கே போவேன்? காலையில் பார்த்தேன், வேனிலிருந்து இறங்கியதும் பார்த்தேன், குளித்ததும் பார்த்தேன். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தேன், கழற்றிவிட்டுப் பார்த்தேன். கார்த்திகையில் நகத்தின் அடியில் வெளிர்ச் சிவப்பாக ஒரு பிறை தெரிந்தது. மகள் பார்த்துவிட்டு, "வருது பாருங்க," என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அரிசியைப் பக்கத்தில் வைத்து அளந்தேன். தையில் ஓர் அரிசி நீளம் இருந்தது. புறங்காலில் இருந்த கோடுகளும் மங்கிவிட்டன. ஆனால் அந்த இடத்தைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் மூன்று கோடுகளும் எனக்குத் தெரிந்துகொண்டுதான் இருந்தன.

பங்குனியில் பிள்ளை வீட்டுக்குள்ளேயும் சாக்ஸ் போட ஆரம்பித்தாள். குளிர்கிறது என்றாள். பங்குனியில் எங்களுக்கே குளிரவில்லை. மருந்தை நானே பூசிக்கொள்கிறேன் என்றாள். "பெரிய புள்ளையாயிட்டா, உடுங்கப்பா," என்று மகள் சொன்னாள். கட்டைவிரலை மட்டும் எப்போதாவது சாக்ஸை மடித்துக் காட்டுவாள். அதில் நல்ல நகம் பாதிக்கு மேல் வந்திருந்தது. நான் மற்றதைப் பார்க்க நீட்டிய கையைத் தட்டிவிட்டு ஓடிவிடுவாள்.

சித்திரை கடைசியில் சேர்வராயன் கோயில் திருவிழா, எங்கள் பேச்சில் நோம்பி. மலைமேல் கூட்டம் அலைமோதும். அதற்கு முதல் நாள் விளையாடிவிட்டு வந்தவளின் கால் நகம் பத்தும் சிவப்பாக இருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் பாலிஷ் வாங்கிப் போட்டிருக்கிறாள்.

"அய்யய்யோ, டாக்டரு பாலிஷ் கூடாதுன்னாங்களே!"

"நோம்பிக்குங்க அப்புச்சி! எல்லாரும் போட்டிருக்காங்க!"

"அழிச்சரலாம் வா."

"மாட்டேன்!"

"ரெண்டு நாளு போட்டுட்டுப் போவட்டுமே," என்றாள் மகள். "நோம்பியும் அதுவுமா புள்ளைய அழ உடாதீங்கப்பா."

அந்த இரண்டு நாளும் எனக்குக் கோயிலும் தெரியவில்லை, தேரும் தெரியவில்லை. அந்தக் கூட்டத்தில் வெறுங்காலோடு ஓடிய சிவப்பு நகங்களுக்குப் பின்னாலேயே போய்க்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காலை பஞ்சையும் பாலிஷ் அழிக்கும் தைலத்தையும் எடுத்துக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள். இவ்வளவு அழ என்ன இருக்கிறது என்று எனக்குக் கோபமே வந்தது. வலது காலை அழித்தேன். கட்டைவிரல் நகம் முக்கால்வாசி நல்ல நகம். இடது காலைத் தரமாட்டேன் என்றாள். இழுத்து மடியில் வைத்தேன். கட்டைவிரலுக்கு அடுத்த விரலில் பஞ்சைத் தேய்த்ததும் சிவப்புக்குக் கீழிருந்து சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக வந்தது. ஓரம் உதிர்ந்தது.

"எப்பருந்து கண்ணு?"

அவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள்.

"வந்ததும் சொல்லியிருக்கலாமில்ல? ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க மூஞ்சிய அப்படி வெப்பீங்க."

"எப்படி?"

அவள் காட்டினாள். கண்ணை அகல விரித்து, உதட்டை உள்ளே இழுத்து, மூச்சை நிறுத்தி, ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து. எட்டு வயது முகத்தில் அது எப்படி வந்தது என்று தெரியவில்லை. என்னைத் திகிலடைய வைத்த முகம் அது.

"இந்த மூஞ்சியப் பாத்தா," என்றாள், "வெரல எடுத்துருவாங்கன்னு வருதுங்க."

எடுக்க மாட்டார்கள் என்று டாக்டர் சொன்னாரே என்றேன். டாக்டர் சொன்னார், ஆனால் நீங்கள் நம்பவில்லையே என்றாள். ஆறு மாதமாக, ஒரு நாளைக்கு எத்தனை முறை, அவள் காலுக்கு மேலே குனிந்தவன் நான். ஒவ்வொரு முறையும் அவள் நகத்தைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்திருக்கிறாள். ஒரு விரலைக் காப்பாற்றிக்கொண்டு வந்த நேரத்தில் இன்னொரு விரலைப் பாலிஷுக்கு அடியில் வைத்துக்கொண்டு, தனியாக, யாரிடமும் சொல்லாமல் பயந்திருக்கிறாள். மருந்து போடாமல் போன அந்த வாரங்களில் அது எவ்வளவு பரவியதோ.

மறுபடியும் மலை இறங்கினோம். டாக்டர் திட்டவில்லை. இரண்டாவது விரலிலும் வந்திருப்பதால் மாத்திரையும் கொடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டும், அதற்கு முன் ஒரு ரத்தப் பரிசோதனை என்றார். மாத்திரை என்றதும் எனக்குள் புதிதாக ஒன்று கிளம்பியது. பிள்ளை உடம்பு தாங்குமா, வயிறு தாங்குமா? வாயைத் திறக்கப் போனேன். பிள்ளை என் பக்கம் திரும்பியது தெரிந்தது. சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன். கேட்க வேண்டியதை எல்லாம் மகள் கேட்டாள்.

இப்போது வைத்தியம் அவள் போட்ட ஒப்பந்தத்தின்படி நடக்கிறது. நான் வாசல்படியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவள் முதலில் தானே பார்ப்பாள். பார்த்ததைச் சொல்வாள். சொல்லி முடித்து, திறக்கலாம் என்ற பிறகுதான் நான் கண்ணைத் திறந்து அரத்தை எடுக்க வேண்டும். ஒப்பந்தத்தை மீறினால் அன்றைக்கு மருந்து கிடையாது. ஒருமுறை இமையைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்து மாட்டிக்கொண்டேன். "கள்ள ரைட்டரு!" என்று கத்திவிட்டுச் சாக்ஸை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கண்ணை மூடிக்கொண்டிருப்பது எனக்குச் சுலபமாக இல்லை. இருட்டுக்குள் எல்லாம் பெரிதாகத் தெரிகிறது. மாத்திரை தொடங்கிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, அவள் வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டாள். சாக்ஸ் கழற்றும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றுமே இல்லை.

"என்ன கண்ணு, பேச்சையே காணோம்?"

"பாத்துட்டு இருக்கறேன், இருங்க."

தெருவில் ஒரு பஸ் ஏற்றத்தில் முனகிக்கொண்டு போனது. தானாக நீண்ட கையை வேட்டிக்குள் மறைத்துக்கொண்டேன்.

"பெருவெரலு சரியாயிருச்சுங்க. நுனியில மட்டும் கொஞ்சூண்டு இருக்குது. ரெண்டாவது வெரலு..." நிறுத்தினாள். "அது இன்னும் வெள்ளையாத்தான் இருக்குதுங்க அப்புச்சி. போன வாரத்தவிட ஓரத்துல இன்னும் கொஞ்சம் உதுந்துருக்குது. பக்கத்து வெரல்ல ஒண்ணுமில்ல. நல்லாப் பாத்துட்டேன்."

"சரி சாமி."

"நீங்க பயந்துக்கறீங்களா?"

"ஆமா கண்ணு. கொஞ்சம்."

"எனக்கும் கொஞ்சம். இப்பத் தொறக்கலாமுங்க."

கண்ணைத் திறந்து அரத்தை எடுத்தேன். அவள் சொன்னது அத்தனையும் அப்படியே இருந்தது. நான் அவள் நகத்தைத் தேய்த்து முடிக்கும் வரைக்கும் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.